எந்த ஊர் ஒயின், எந்த ஊர் சாப்பாடு?

இத்தாலியச் சமையலையும் ஒயினையும் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (சேலம் வாசகர்): மகன் இத்தாலியிலிருந்து வரும்போது ஒரு பாட்டில் கியாந்தி கிளாசிகோ வாங்கி வந்தான். லேபிளில் திராட்சையின் பெயரே இல்லை. கழுத்தில் கறுப்புச் சேவல் படம் இருக்கிறது. இது என்ன ஒயின், எத்தனை வருஷம் வைத்திருக்கலாம்?

பதில்: இத்தாலி ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்தால் முதலில் தேட வேண்டியது ஊர்ப் பெயரை. மணப்பாறை முறுக்கு என்று சொன்ன பிறகு அதில் என்ன மாவு என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? அதே மாதிரிதான். ஃபுளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் இடையே கிடக்கும் மலைச்சரிவுகளுக்குக் கியாந்தி என்று பெயர். அங்கே விளைந்த சாஞ்சோவேசே என்னும் கறுப்புத் திராட்சை குறைந்தது 80 சதவீதம் இருந்தால்தான் 'கியாந்தி கிளாசிகோ' என்று லேபிள் ஒட்ட முடியும். மீதியில் கனயோலோ, கொலொரினோ போன்ற உள்ளூர் ரகங்களோ மெர்லோ போன்ற வெளிநாட்டு ரகங்களோ இருக்கலாம். முன்பெல்லாம் வெள்ளைத் திராட்சையும் கலப்பார்கள். 2006 அறுவடை முதல் அதற்கு அனுமதி இல்லை.

'கிளாசிகோ' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஃபுளோரன்ஸும் சியேனாவும் அடங்கிய தொஸ்கானாவை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெடிசி 1716-லேயே கியாந்திக்கு எல்லை வகுத்து ஆணை போட்டார். 1932-ல் அரசு அந்தப் பெயரைச் சுற்றுவட்டாரம் முழுக்க நீட்டியது. பழைய இடத்துக்காரர்கள் தங்களைத் தனியாகக் காட்டச் சேர்த்துக்கொண்ட சொல்தான் கிளாசிகோ. ஆகவே வெறும் கியாந்தி வேறு, கியாந்தி கிளாசிகோ வேறு. கறுப்புச் சேவல் இரண்டாவதற்கு மட்டுமே உரியது. கழுத்தில் எண்ணோடு ஒட்டிய சிறிய சீட்டும் இருக்கும். அது டிஓசிஜி என்னும் உயர்ந்த தரப் பிரிவுக்கான அரசு முத்திரை.

லேபிளில் அறுவடை ஆண்டு மட்டும் இருந்தால் அந்த ஆண்டிலிருந்து ஐந்தாறு வருஷத்துக்குள் குடிக்கலாம். 'ரிசெர்வா' என்றிருந்தால் வெளியே வருமுன் 24 மாதம் பழகியது, 'கிரான் செலெசியோனே' என்றால் 30 மாதம். இவை பத்து வருஷமும் தாங்கும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் 12 முதல் 15 டிகிரி குளிர்ந்த நிலவறைக்கு. சேலத்துக் கோடையில் பரண் மேல் வைத்தால் ஒரே பருவத்தில் பழச்சுவை போய், காய்ச்சிய ஜாம் வாடை வந்துவிடும். தக்கை மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தாலோ கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ சூடு பட்டிருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு எங்கள் யோசனை: சேர்த்து வைக்காமல் இந்த மாதமே திறந்துவிடுங்கள்.

சாஞ்சோவேசேவில் புளிப்பு தூக்கலாக இருக்கும். அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் தக்காளிச் சமையலோடு அதை வைத்துக்கொள்கிறார்கள். தொஸ்கானா ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். அது பழசாகிக் காய்ந்ததும் தக்காளி, பூண்டு, துளசி வகை இலையான பாசிலிகோ எல்லாம் சேர்த்துக் குழைய வேகவைத்து, மேலே பச்சை ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள். 'பாப்பா அல் பொமொதோரோ' என்று பெயர். வீட்டில் செய்து இந்த ஒயினோடு சாப்பிட்டுப் பாருங்கள், புளிப்புக்குப் புளிப்பு சமமாகி ஒயின் மெத்தென்று ஆகிவிடும்.

கேள்வி (சென்னை வாசகர்): நிறையப் பணம் கொடுத்து பரோலோ என்னும் சிவப்பு ஒயினை வாங்கி, அறை வெப்பநிலையில்தான் பரிமாற வேண்டும் என்று படித்தபடி திறந்தோம். நிறம் வெளிறியிருந்தது. நாக்கு வறண்டு இழுத்தது. மூக்கில் ஸ்பிரிட் வாடை. போலியாக இருக்குமோ?

பதில்: போலியாக இருக்க வாய்ப்பு குறைவு. நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பரோலோ முழுக்க முழுக்க நெப்பியோலோ திராட்சையில் செய்வது. அதன் தோலில் துவர்ப்பு அதிகம், நிறம் குறைவு. கோப்பையைச் சாய்த்தால் விளிம்பில் செங்கல் நிறம் தெரிந்தால் அது சரியான அடையாளம்.

கெடுத்தது அந்த 'அறை வெப்பநிலை'தான். அது ஐரோப்பியக் கல் வீட்டின் அறையைக் குறிக்கும், 16 முதல் 18 டிகிரி. சென்னை அறை 30-ஐத் தாண்டும். பரோலோவில் ஆல்கஹால் 14 சதவீதம் அளவில் இருப்பதால் அந்தச் சூட்டில் முதலில் எழும்புவது ஸ்பிரிட் வாடைதான். பாட்டிலை ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் சேர்ந்த வாளியில் பத்து நிமிடம் போதும். வெறும் ஐஸ் கட்டிக்குள் செருகினால் இடையில் காற்று நிற்பதால் மெதுவாகத்தான் குளிரும். தண்ணீர் அவசியம். ஆனால் அளவுக்கு மேல் குளிரவிட்டால் துவர்ப்பு இன்னும் கடுமையாகும்.

அடுத்தது காற்று. வடமேற்கு இத்தாலியின் பியமோந்தேயில் உள்ள லாங்கே குன்றுகளில் இந்த ஒயினைச் சட்டப்படி 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், வைத்த பிறகே விற்கிறார்கள். அப்படியும் இளம் பரோலோ முரட்டுத்தனமாகவே இருக்கும். அகன்ற வாய் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி இரண்டு மணி நேரம் விட்டால் ரோஜா, தார், செர்ரி என்று மணங்கள் ஒவ்வொன்றாக வரும். இருபது வருஷப் பழைய பாட்டிலுக்கு இதைச் செய்யாதீர்கள். அதற்கு வண்டலைப் பிரிக்க மட்டும், பரிமாறும் நேரத்தில் ஊற்றினால் போதும்.

வெறும் வயிற்றில் குடிக்கிற ஒயின் அல்ல இது. துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். வாயில் வேறு புரதம் இல்லையென்றால் எச்சிலில் இருப்பதைப் பிடிக்கும். அதுதான் நீங்கள் சொன்ன வறட்சி. அந்த ஊரில் முட்டை மஞ்சள் கரு நிறையச் சேர்த்துப் பிசைந்த மெல்லிய 'தயரீன்' பாஸ்தாவை வெண்ணெயோடும், பருவத்தில் ட்ரஃபிள் காளானோடும் இதற்குத் துணை வைக்கிறார்கள். அதே ஒயினில் மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டிறைச்சியும் உண்டு. மிளகாய்க் குழம்போடு மட்டும் வேண்டாம். ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தை ஏற்றிவிடும். நம் காரத்துக்கு அதே பியமோந்தேயின் மொஸ்காதோ தாஸ்தி பொருத்தம்: 5 சதவீதம் அளவே ஆல்கஹால், இனிப்பு, லேசான நுரை.

கேள்வி (திருச்சி வாசகர்): ப்ரொசெக்கோ என்னும் நுரை ஒயினில் 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று பார்த்து வாங்கினேன். இனிப்பாக இருந்தது. ஏன்?

பதில்: அந்தச் சொல் ஆளை ஏமாற்றும். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்றால் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. வெறும் 'ட்ரை' என்றால் 17 முதல் 32 கிராம். இனிப்பு குறைவாக வேண்டுமானால் 'ப்ரூட்' என்று கேளுங்கள், அதில் 12 கிராமுக்கு மேல் இருக்காது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): இத்தாலியின் அரிசிச் சமையலான ரிசோத்தோ செய்தால் ஒன்று குழைந்து பொங்கல் ஆகிறது, இல்லை உதிரி உதிரியாக நிற்கிறது. ஒயின் சேர்க்காமல் செய்யலாமா?

பதில்: அரிசியைக் கழுவினீர்களா? நம் வீடுகளில் கை தானாகச் செய்யும் வேலை அது. ரிசோத்தோவில் மட்டும் கூடாது. அந்தப் பாலேடு போன்ற குழம்புக்குக் காரணமே அரிசியின் மேல் ஒட்டியிருக்கும் மாவுச்சத்து. கழுவினால் அது போய்விடும். அரிசியும் கார்னரோலி, ஆர்போரியோ, வியலோனே நானோ இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்மதி உதிரியாகத்தான் நிற்கும்.

நான்கு பேருக்கு அரிசி 320 கிராம், கொதிக்கும் காய்கறி வேகவைத்த நீர் ஒன்றேகால் லிட்டர். சின்ன வெங்காயம் ஒன்றிரண்டைப் பொடியாக நறுக்கி 30 கிராம் வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, அரிசியைப் போட்டு இரண்டு நிமிடம் கிளறுங்கள். மணியைத் தொட்டால் விரல் சுட வேண்டும், சிவக்கக் கூடாது. இப்போது 100 மில்லி புளிப்பான வெள்ளை ஒயின். வாடை அடங்கும்வரை வற்றவிட்டு, பிறகு சூடான நீரைக் கரண்டி கரண்டியாக. ஆறிய நீர் ஊற்றினால் ஒவ்வொரு முறையும் வேக்காடு நின்று, மணியின் வெளிப்பக்கம் குழைந்து நடு வேகாமல் கிடக்கும். உங்கள் பொங்கலுக்கு அது காரணமாக இருக்கலாம். 16 முதல் 18 நிமிடத்தில் மணியின் நடுவில் பல்லுக்கு லேசான தடை இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒரு நிமிடம் விட்டு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம், துருவிய சீஸ் 60 கிராம் போட்டு வேகமாக அடித்துக் கலக்க வேண்டும். தட்டில் போட்டுத் தட்டினால் அலைபோல் பரவ வேண்டும். குவியலாக நின்றால் ஒரு கரண்டி நீர் போதவில்லை.

ஒயினின் வேலை புளிப்புத் தருவது. அது வேண்டாமென்றால் விட்டுவிட்டு, கடைசியில் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கொதித்தால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்று சொல்வார்கள். அது சரியல்ல, கொஞ்சம் மிஞ்சும். அறவே தவிர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): சுத்த சைவம். ரோம், ஃபுளோரன்ஸ் போகிறோம். பாஸ்தாவும் சீஸும் இருக்கும்போது சாப்பாட்டுக்குப் பிரச்சினை இருக்காதுதானே?

பதில்: சீஸில்தான் பிரச்சினையே. பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கப் போடுவது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட். விதிப்படி வேறு எதுவும் போட முடியாது. கிரானா பதானோவும் அப்படியே. பெகோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். தக்காளி பாஸ்தா கேட்டால்கூட மேலே தூவிக் கொண்டுவந்துவிடுவார்கள். 'சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ' என்று முதலிலேயே சொன்னால் சீஸ் இல்லாமல் வரும். கடையில் வாங்கும்போது பொட்டலத்தில் 'காலியோ வெஜெதாலே' அல்லது 'காலியோ மிக்ரோபிகோ' என்றிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மஸ்கார்போனே பாலாடையை அமிலத்தால் திரித்துச் செய்வது, ரென்னெட் தேவையில்லை.

'சென்ஸா கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது. மீனும் நெத்திலியும் பன்றித் தொடைத் துண்டும் பலருக்கு அந்தச் சொல்லில் அடங்காது. 'சோனோ வெஜெதாரியானா, நியெந்தே கார்னே, நியெந்தே பேஷே, நியெந்தே ப்ரோதோ தி கார்னே' என்று சொல்லுங்கள். கடைசிச் சொற்கள் இறைச்சி வேகவைத்த நீர் வேண்டாம் என்பது. சூப்பிலும் ரிசோத்தோவிலும் அது ஒளிந்திருக்கும். மிலான் ரிசோத்தோவில் எலும்பு மஜ்ஜையே உண்டு. 'பியதீனா' என்னும் தட்டை ரொட்டியில் பன்றிக்கொழுப்பு பிசைவது பழைய வழக்கம். பன்னா கோத்தா இனிப்பு உறைவது ஜெலட்டினால்.

பயப்பட வேண்டாம். இத்தாலியின் ஏழை வீட்டுச் சமையல் பெரும்பாலும் பயறும் கீரையும் பழைய ரொட்டியும்தான். ஃபுளோரன்ஸில் முன்சொன்ன பாப்பா அல் பொமொதோரோ, கறுப்பு முட்டைக்கோஸும் வெள்ளை மொச்சையும் போட்ட ரிபொலீத்தா, ஊறவைத்த ரொட்டியும் வெள்ளரியும் வெங்காயமும் கலந்த பன்ஸனெல்லா மூன்றையும் விடாதீர்கள். சமைத்த நீர் எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஃபஜோலி அல்லுச்செல்லெத்தோ' என்ற பெயரில் குருவி இருக்கிறதே என்று தள்ளிவிட வேண்டாம். அது மொச்சையும் தக்காளியும் சேஜ் இலையும்தான்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): சங்க இலக்கியத்தில் யவனர் மது வருகிறதே, அது இத்தாலி ஒயினா?

பதில்: ஒரு பகுதி நிச்சயம் இத்தாலியிலிருந்து வந்தது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் அருந்துமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் என்ற சொல் கிரேக்கரையும் ரோமரையும் சேர்த்தே குறித்தது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில், மார்ட்டிமர் வீலர் 1945-ல் தோண்டியபோதும் பின்னரும், இரு கைப்பிடி வைத்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. கிரேக்கத் தீவான கோஸின் பாணியில் அமைந்தவை அவற்றில் உண்டு. நேப்பிள்ஸைச் சுற்றியுள்ள கம்பானியாவில் வனைந்தவையும் உண்டு. கம்பானியா ஜாடியை வெறும் கண்ணாலேயே அடையாளம் காணலாம். எரிமலை மண் என்பதால் உடைந்த ஓரத்தில் கறுப்பு மணல் துகள்கள் மின்னும். உள்ளே ஒழுகாமலிருக்கப் பூசிய மரப்பிசினின் வாசம் அந்த ஒயினில் ஏறியிருக்கும். ரோமர்கள் அதைத் தண்ணீர் கலந்தே குடித்தார்கள்.

கேள்வி (ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகர்): குடும்பத்தோடு காரில் வட இத்தாலி போகிறோம். நாங்கள் யாரும் குடிப்பதில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: மொதேனாவுக்குப் போங்கள். திராட்சைச் சாறு ஒயினாகாமல் வேறொரு வழியில் போகும் ஊர் அது. அங்கே திராட்சைச் சாற்றை மணிக்கணக்கில் காய்ச்சிக் குறுக்கி, வீட்டின் மேல்மாடியில் வரிசையாக வைத்த பீப்பாய்களில் பல்சாமிக் என்னும் காடியாக்குகிறார்கள். நிலவறையை விட்டு மேல்மாடிக்குப் போவதற்குக் காரணம், கோடைச் சூட்டில் சாறு புளித்து வற்ற வேண்டும், குளிர்காலத்தில் அடங்க வேண்டும் என்பதே. பீப்பாய்கள் பெரியதிலிருந்து சிறியதாக இறங்கும். ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி என்று மரமும் மாறும். ஆண்டுக்கு ஒருமுறை கடைசிச் சிறு பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, அந்தக் குறைவை அடுத்த பீப்பாயிலிருந்து நிரப்புவார்கள். குறைந்தது 12 ஆண்டு, 'எக்ஸ்த்ராவெக்கியோ' என்றால் 25 ஆண்டு. உருண்டை வயிறுள்ள 100 மில்லி பாட்டிலில் விற்பார்கள். லேபிளில் 'த்ரதித்சியொனாலே' என்ற சொல் இருக்க வேண்டும். அது இல்லாத மலிவான பல்சாமிக் 60 நாளில் தயாராவது. சாலடுக்கு அது போதும். நல்லதைச் சூடாக்காமல், ஒரு துண்டு சீஸ் மேலோ வெனிலா ஐஸ்கிரீம் மேலோ நான்கு சொட்டு விடுங்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஒரு சீஸ் கூடத்துக்குப் போய்விடுங்கள். பார்மிஜானோ காலையில்தான் திரியும். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 550 லிட்டர் பால். முந்தின நாள் மாலைப் பாலை இரவெல்லாம் தெளியவிட்டு ஆடை எடுத்து, காலைப் பாலோடு சேர்த்துச் செப்புக் கொப்பரையில் ஊற்றுவார்கள். இரண்டு இடத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

காரில் போவதால் ஒன்று: பழைய நகர் மையங்களில் கார் நுழையக் கட்டுப்பாடு உண்டு என்று சொல்லும் 'ஜெட்-டி-எல்' (ZTL) என்ற பலகை இருந்தால் உள்ளே ஓட்டாதீர்கள். கேமரா எண்ணைப் படித்துவிடும், அபராதம் மாதங்கள் கழித்துக்கூட வீட்டுக்கு வரும். தங்கும் விடுதி உள்ளே இருந்தால் கார் எண்ணைப் பதிந்து தரச் சொல்லுங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): ஜெனோவாவின் ஃபரினாத்தா என்னும் அடைபோன்ற பண்டத்தைக் கடலை மாவில் செய்து பார்த்தேன். ஒருமுறை பச்சை வாடை, இன்னொரு முறை மேலே வெடித்து உள்ளே பிசின். எங்கே தப்பு?

பதில்: ஊறவைக்கும் நேரத்திலும் கனத்திலும். முதலில் மாவு சரிதானா என்று பாருங்கள். அரிசி மாவும் சோடாவும் கலந்த பஜ்ஜி மாவு ஆகாது. தனிக் கடலை மாவு வேண்டும். அங்கே வெள்ளைக் கொண்டைக்கடலையை அரைக்கிறார்கள், நம் மாவு கடலைப்பருப்பில் வருவது. சுவை கொஞ்சம் மாறும், முறை மாறாது.

30 சென்டிமீட்டர் அகல வட்டத் தட்டுக்கு மாவு 120 கிராம், தண்ணீர் 360 மில்லி, உப்பு ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு, ஆலிவ் எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன். மாவு ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு என்பதுதான் கணக்கு. தோசை மாவை நினைத்துக் கெட்டியாக்கினால் வெடிக்கும். மோரைப் போல ஓட வேண்டும். கட்டியில்லாமல் கரைத்து நான்கைந்து மணி நேரம் மூடி வையுங்கள். மாவுத் துகள் நீரைக் குடித்து ஊறினால்தான் பச்சை வாடை போகும். நாகர்கோவில் வெயிலில் அதற்கு மேல் வெளியே விட்டால் புளித்துவிடும். இரவு முழுக்க வைப்பதானால் ஃபிரிட்ஜில். மேலே வெண்மையாக நுரை கட்டும். அதைக் கரண்டியால் முழுக்க வழித்து எடுத்துவிடுங்கள், விட்டால் அடுப்பில் கருகிக் கசக்கும். உப்பை அதன் பிறகு சேருங்கள்.

ஜெனோவாவில் வெள்ளீயம் பூசிய செப்புத் தட்டில், விறகு அடுப்பில் சுடுகிறார்கள். வீட்டில் கனமான அலுமினியத் தட்டோ வார்ப்பிரும்புச் சட்டியோ போதும். நான்ஸ்டிக் இந்தச் சூட்டுக்கு ஏற்றதல்ல. அவன் (oven) அடுப்பை 250 டிகிரிக்கு இருபது நிமிடம் சூடாக்கி, எண்ணெயைத் தட்டில் ஊற்றிப் பரப்பி, மாவை ஊற்றி, மரக்கரண்டியால் மெல்லக் கலக்குங்கள். எண்ணெய் சின்னச் சின்ன வட்டங்களாக மேலே மிதந்து வர வேண்டும். மேல்தோல் மொறுமொறுவென்று சிவப்பது அந்த வட்டங்களால்தான். மாவின் உயரம் 7 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. உள்ளே பிசினாக இருந்தது இதனால்தான். அவன் அடுப்பைச் சமதளத்தில் வையுங்கள், சாய்ந்தால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வேகாது. கீழ்த்தட்டில் 15 நிமிடம், மேல்தட்டுக்கு மாற்றி இன்னும் ஐந்து நிமிடம். ஓரம் தட்டை விட்டு விலகி, மேலே தங்க நிறத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தால் எடுத்துவிடலாம்.

கொரகொரவென்று அரைத்த மிளகைத் தாராளமாகத் தூவி, கையால் பிய்த்து, சூடு ஆறுமுன் சாப்பிடுங்கள். ஆறினால் ரப்பராகிவிடும். ஒயின் குடிப்பவர்கள் வீட்டில் இருந்தால் அதே கடற்கரையின் வெர்மெந்தீனோ என்னும் வெள்ளை ஒயினை நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள்.